வாழ்க்கைத்துணையின் பெயர்

சல்லி,
06.02.2025

மதிப்புக்குரிய மிஸி அவர்களுக்கு,

இந்தக் கையெழுத்து உங்களுக்குப் பழக்கமில்லை. கீழே இருக்கும் பெயர் பழக்கம். அதைப் பார்த்தவுடன் கிழித்துவிடாமல் ஒரு தரம் வாசியுங்கள். வாசித்த பிறகு கிழித்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். போன மாதம் இரண்டு தரம் உங்களுக்குப் போன் எடுத்து, உங்கள் குரல் கேட்டதும் வாய் வராமல் வைத்தது நான்தான்.

அவருக்கு மார்கழியில் நெஞ்சு நோ வந்தது. கடற்கரையில் ஒரு போட் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தவர், கையில் பிடித்த ஸ்பானர் சாவியோடு மணலில் சரிந்துவிட்டார். திருகோணமலை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்து, கண்டிக்கு அனுப்பி அஞ்சியோ என்று இதயத்தைப் படம் எடுத்தார்கள். மூன்று குழாயில் அடைப்பு. பைபாஸ் செய்ய வேண்டும். அரசாங்கத்தில் செய்வதென்றால் முறை வர அடுத்த வருடமாகும். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது அம்மா" என்று சொன்னவர். தனியாரில் செய்விக்கக் கருவாடு விற்கிற நான் எங்கே போவேன்?

கிளினிக்கில் வரிசையில் இருந்தபோது ஒரு பென்சன்காரர் சொன்னார், அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி இருக்கிறதாம், அதில் கணவன் மனைவியையும் சேர்க்கலாமாம் என்று. அடுத்த நாளே பிரதேச செயலகத்துக்குப் போனேன். பென்சன் பகுதியில் பஹ்மியா என்று ஒரு பிள்ளை. நல்ல பிள்ளை, கதிரை போட்டு இருத்திக் கதைத்தது. முன்பு ஓய்வு பெற்று இதுவரை சேராதவர்களுக்குப் பங்குனி 31 கடைசித் திகதி என்றது. "பென்சன் எடுக்கிறது ஆர்? நீங்க அவருக்கு என்ன முறை?" என்று கேட்டது. தெரிந்த ஆள் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

மிஸி, பதினைந்து வருடம் அவரோடு இருந்துவிட்டேன். ஆனால் அவருடைய மனைவி என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்க எனக்கு ஏலாது. உங்களுக்குத்தான் ஏலும். அவரைச் சேருங்கள். அவருக்காக வேண்டாம், எனக்காகவும் வேண்டாம். ஒரு நோயாளி என்று நினைத்துச் செய்யுங்கள்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

பணிவுடன்,
ஜெயரூபி


அன்புவழிபுரம்,
13.02.2025

ஜெயரூபிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நாம் இருவரும் இல்லை. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த விண்ணப்பப் படிவம் தை மாதமே என் கைக்கு வந்துவிட்டது. எல்லாம் நிரப்பி வைத்திருக்கிறேன். ஆறாவது கேள்வி, வாழ்க்கைத்துணையின் பெயர். அதில் நீலப் பேனையால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். நேராகத்தான் இழுத்திருக்கிறேன், அடிமட்டம் வைத்து.

உமக்கு யாரோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். பிழையைப் பிழை என்று சொல்லாமல் விட எனக்கு வராது. இந்தக் காப்புறுதி தருமம் அல்ல. மாதாமாதம் என் ஓய்வூதியத்தில் கழிப்பார்கள். முதல் மாதம் கழித்த பிறகு நடக்கும் செலவுக்குத்தான் கேட்கலாம். முழுச் செலவையும் தரமாட்டார்கள், ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மூலப் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் வராது. போட்டோக் கொப்பியைக் கொண்டுபோய் நீட்டிவிட்டு அழுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். இதெல்லாம் தெரியாமல் காப்புறுதி இருக்கிறது, பைபாஸ் செய்யலாம் என்று புறப்பட்டால் நடுவழியில்தான் நிற்பீர்.

இனி உம்முடைய கதை. 2010 சித்திரையில் உம்முடைய வாசலில் குடையோடு நின்று, சல்லிக் குடும்பப் பதிவேட்டில் உம்முடைய பெயரையும் அதற்கு நேரே குணரத்தினம் என்ற பெயரையும் எழுதியது நான்தான். சட்டப்படி கலியாணம் முடித்தவர்களை மட்டும் எழுதும் புத்தகம் அல்ல அது. யார் யாரோடு குடும்பம் நடத்துகிறார்கள் என்று கண்ணால் பார்த்து எழுதுவது மருத்துவமாதின் கடமை. கண்டேன், எழுதினேன். வேறு மிஸியை அனுப்புங்கள் என்று மேலிடத்தில் கேட்டிருக்கலாம். கேட்டால் ஊர் முழுக்கக் காரணம் கேட்கும். அன்று கணவன் என்று நீர் எனக்குச் சொன்ன ஆளை, இன்று என் கணவன் என்று நான் எழுத வேண்டுமாம். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதைதான்.

அவருக்கு அஸ்பிரின் தொடங்கியிருந்தால் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம். வேறொன்றும் இல்லை. இனி எழுத வேண்டாம்.

யோகமலர்
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்


சல்லி,
19.02.2025

மிஸி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டாவதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் வெறும் வயிற்றில்தான் கொடுத்துக்கொண்டு வந்தனான். மாற்றிய பிறகு அவருக்கு வயிற்றெரிவு குறைந்துவிட்டது.

அவர் சொல்வழி கேட்கிற ஆள் இல்லை. சுமக்க வேண்டாம் என்றால் எஞ்சினைத் தூக்குகிறார். உப்பைக் குறைத்தால் கோப்பையைத் தள்ளிவிடுகிறார். போன கிழமை குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில் மூன்று தரம் நின்று மூச்சு வாங்கினார். "என்ன பாக்கிறாய்? நான் காத்து வாங்குறன்" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இரவில் அவர் மூச்சு விடுகிறாரா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் திரும்பிப் படுக்கிறேன்.

ஓநாய் என்று எழுதினீர்கள். எழுதுங்கள், எனக்குச் சரிதான். ஆனால் ஒன்றை நீங்கள் எழுதவில்லை. பதிவேட்டில் எழுதிய அடுத்த வருடம் எனக்கு வயிற்றில் பிள்ளை நின்றது. உங்களிடம்தான் பதிய வேண்டும். மாதா மாதம் வந்து பிரஷர் பார்த்து, நிறை பார்த்து, இரும்புக் குளிசை தந்தீர்கள். ஒரு சொல் கூடக் கூட்டியும் கதைக்கவில்லை, குறைத்தும் கதைக்கவில்லை. ஐந்தாம் மாதம் இரத்தம் போனபோது அவர் மூதூருக்கு எஞ்சின் பார்க்கப் போயிருந்தார். நீங்கள்தான் ஓட்டோ பிடித்து என்னை ஏற்றினீர்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் இல்லை.

அன்று உங்கள் கையைப் பிடித்த தைரியத்தில்தான் இன்று கேட்கிறேன். கோட்டை அழியுங்கள் மிஸி.

ஜெயரூபி


அன்புவழிபுரம்,
27.02.2025

ஜெயரூபிக்கு,

அது என் தொழில். உம்முடைய இடத்தில் யார் கிடந்தாலும் பிடித்திருப்பேன்.

ஆனாலும் நீர் கிளறிவிட்டபடியால் சொல்கிறேன். எங்கள் கலியாணம் முடிந்து இருபத்தைந்து வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. சாம்பல்தீவு, சல்லி, பாலத்தடி என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளைத் தராசில் கிடத்தி நிறை பார்த்தேன், எனக்கென்று ஒன்றை வளர்க்கவில்லை. உம்முடைய வயிற்றில் காதை வைத்து, அவருடைய பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டு, நூற்று நாற்பது என்று எழுதினேன். அன்று வீட்டுக்கு வந்து சோறு சமைக்கவில்லை. அந்தப் பிள்ளை போனபோது உம்மோடு நானும் அழுதேன் என்று நீர் நினைத்திருந்தால், முழுக்க அப்படி இல்லை. எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சரி, படிவம். புதிதாக ஒன்று வாங்கிவந்தேன். பஹ்மியா நன்றாகத்தான் விளங்கப்படுத்தினா. கலியாணச் சான்றிதழ், அடையாள அட்டை, இருவரும் சேர்ந்து எடுத்த படம். இவை இருக்கின்றன, எடுக்கலாம். சிக்கல் கடைசிப் பக்கத்தில். கணவர் விண்ணப்பதாரியின் பராமரிப்பில் அதே முகவரியில் வசிக்கிறார் என்று கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும். வருடா வருடம் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

எங்கள் கிராம சேவகர் நிவேதிகா சின்னப் பிள்ளை. வாக்காளர் இடாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயான்ர பேர் இஞ்சதானே இருக்கு அன்ரி, வைக்கட்டா?" என்று முத்திரையைக் கையில் எடுத்துவிட்டாள். பேர் இருப்பது உண்மை. வருடா வருடம் வாக்காளர் படிவம் வரும்போது வீட்டுக்காரர் வரிசையில் அவருடைய பெயரை நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஏன் என்று என்னைக் கேட்க வேண்டாம்.

ஆக, அங்கே உம்முடைய கணவனாகவும் இங்கே என்னுடைய வீட்டாளாகவும் ஒரே மனிதனை இரண்டு அரசாங்கப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டும் என் கையெழுத்து. முப்பத்தொரு வருடத்தில் ஒரு குழந்தையின் நிறையைக்கூட நான் ஐம்பது கிராம் கூட்டி எழுதியதில்லை. "பொறு பிள்ளை, வைக்காதே" என்று படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் முடிவு இது. நான் பொய் எழுத மாட்டேன். அவர் என் கணவர், என் வீட்டில் இருக்கிறார் என்று எழுத வேண்டுமென்றால், அவர் என் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு நாள் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிற கதை வேண்டாம். ஆளை அனுப்பினால் ஆறாம் கேள்விக்கு மறுமொழி எழுதுவேன். அனுப்பாவிட்டால் கோடு கோடாகவே இருக்கும்.

யோகமலர்


சல்லி,
05.03.2025

மிஸி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்புத்தான். ஆனாலும் விளங்கிவிட்டது.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். பதினைந்து வருடமாக அவருடைய பெயரை உங்கள் வீட்டுப் பட்டியலில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறீர்கள். இப்போது நான் கை நீட்டி வந்து நிற்கிறேன். உயிர் வேண்டுமா, ஆள் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். சுனாமி என் முதல் புருசனைக் கேட்டு எடுக்கவில்லை. நீங்கள் கேட்டு எடுக்கிறீர்கள்.

எனக்கு ஒன்றுக்கு மட்டும் மறுமொழி வேண்டும். இது சட்டமா, கோபமா?

ஜெயரூபி


அன்புவழிபுரம்,
10.03.2025

ஜெயரூபிக்கு,

இரண்டும்.

கேட்டதற்குச் சொல்லிவிட்டேன். சட்டம் மட்டும் என்று எழுதினால் நீர் நம்பியிருப்பீர், நான்தான் நம்பியிருக்க மாட்டேன். நீர் எழுதியதில் எனக்குக் கோபம் வரவில்லை என்று நினைக்க வேண்டாம். வந்தது. கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுப் பிறகு எடுத்து நிமிர்த்தி வாசித்தேன். வாசித்தால் அதில் பொய் இல்லை.

ஆனால் என் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீர் அவரை அங்கேயே வைத்துக்கொண்டு நான் இங்கே கையெழுத்து வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்தீரா? சத்திர சிகிச்சை என்றால் பெரிய தொகை. பெரிய தொகை என்றால் விசாரிப்பார்கள். சல்லியில் யாரைக் கேட்டாலும் குணரத்தினம் எந்த வீடு என்று கையைக் காட்டுவார்கள். கேட்ட காசும் வராது, என் பென்சனுக்கும் கேள்வி வரும். அதுவும் சட்டம்தான்.

இருபத்தொரு நாள் இருக்கிறது. திகதி உமக்காகவும் நிற்காது, எனக்காகவும் நிற்காது.

யோகமலர்


சல்லி,
17.03.2025

மிஸி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை அவருடைய கையில் தந்து அனுப்புகிறேன். ஒட்டித்தான் தந்திருக்கிறேன். உடைத்து வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

சொன்னவுடன் போக மாட்டேன் என்றார். "செத்தாலும் அந்தப் படலையைத் திறக்க மாட்டன்" என்றார். அவமானமாம். என்ன முகத்தோடு போய் நிற்பேன் என்று குழந்தை மாதிரி அழுதார். கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன். பிறகு இரண்டு நாள் நான் அடுப்பு மூட்டவில்லை. கதைக்கவும் இல்லை. நானும் பச்சைத் தண்ணீரோடுதான் கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் பையை எடுத்துவைத்தார். எனக்கு அவரில் அவ்வளவு கோபம் வந்தது, ஏன் இவ்வளவு கெதியாக ஒத்துக்கொண்டீர்கள் என்று. பார்த்தீர்களா என் புத்தியை.

கறுப்புப் பையில் கிளினிக் கொப்பியும் அஞ்சியோப் படமும் இருக்கின்றன. நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை எப்போதும் சேட்டுப் பையில் இருக்க வேண்டும், குளிக்கப் போகும்போது கழற்றிய சேட்டோடு அதை விட்டுவிட்டுப் போவார், பாருங்கள். காலையில் பிளேன்ரீக்குச் சீனி வேண்டாம் என்று டொக்டர் சொன்னதை உங்களிடம் மறைப்பார். இடது பக்கம் சரிந்து படுத்தால் இருமல் வரும். மீன் என்றால் சூடை மீன் பொரியல் கேட்பார், கொடுக்க வேண்டாம், சொதி வைத்துக் கொடுங்கள். இதையெல்லாம் உங்களுக்கு நான் எழுத வேண்டுமா என்று நினைப்பீர்கள். நீங்கள் அறிந்தது அவருடைய ஐம்பத்து மூன்று வயது வரைக்கும்தான். இப்போது அறுபத்தெட்டு.

அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் நேரே சந்தைக்குப் போய்விடுவேன். வீட்டில் இருக்க ஏலாது.

ஜெயரூபி


அன்புவழிபுரம்,
02.04.2025

ஜெயரூபிக்கு,

ஆள் பத்திரமாக வந்து சேர்ந்தார். படலைக்கு வெளியே அரை மணித்தியாலம் நின்றார். நானும் யன்னலடியில் அரை மணித்தியாலம் நின்றேன். பிறகு, வெயில் ஏறுகிறது, நெஞ்சுக்காரன் என்று போய்த் திறந்துவிட்டேன்.

முதல் மூன்று நாள் நாங்கள் கதைக்கவில்லை. அவர் விறாந்தையில் கட்டில் போட்டுக்கொண்டார். நான்காம் நாள் குளிசை போட்டாரா என்று கேட்க வேண்டி வந்தது. அப்படித்தான் தொடங்கியது. படம் எடுக்கப் போன இடத்தில், கொஞ்சம் கிட்ட வாங்கோ என்று படம் பிடிக்கிற பொடியன் சொல்லிக்கொண்டே இருந்தான். படத்தில் இரண்டு பேரும் வழக்குக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கிறோம். பரவாயில்லை, முகம் தெரிகிறது.

நிவேதிகா நேரில் பார்க்க வந்தாள். கொடியில் அவருடைய சாரமும் சேட்டும் காய்ந்தன. ஐயா எப்போது வந்தவர் என்று கேட்டாள். போன கிழமை திங்கட்கிழமை வந்தவர், இனி இங்கேதான் இருப்பார் என்று சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு முத்திரை வைத்தாள். முப்பத்தோராம் திகதி பின்னேரம் மூன்றரைக்குப் படிவத்தைக் கொடுத்தேன். பஹ்மியா எண்ணிப் பார்த்து, ஒன்றும் குறையவில்லை என்றா. இந்த மாத ஓய்வூதியத்தில் இருந்து கழிப்பார்கள். அதற்குப் பிறகு கண்டியில் தனியார் ஆஸ்பத்திரியில் நாள் எடுக்கிறேன். காப்புறுதி தருவதற்கு மேல் வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீர் அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறதா என்று நீர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது நல்லது.

யோகமலர்


சல்லி,
16.06.2025

மிஸி அவர்களுக்கு,

இரண்டு மாதத்துக்கு மேலாக ஒரு செய்தியும் இல்லை. கண்டிக்குக் கொண்டுபோய்விட்டீர்கள் என்று சந்தையில் ஒரு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். எந்தப் புத்தகத்திலும் இப்போது நான் அவருக்கு ஒன்றும் இல்லை. அம்மன் கோயிலில் அவருடைய பெயருக்கு அருச்சனை செய்தேன். ஐயர் உறவு கேட்கவில்லை, நட்சத்திரம் மட்டும்தான் கேட்டார்.

ஒரு வரி போதும் மிஸி.

ஜெயரூபி


கண்டி,
20.06.2025

ஜெயரூபிக்கு,

நேற்று முடிந்தது. உயிரோடு இருக்கிறார்.

யோகமலர்


அன்புவழிபுரம்,
18.08.2025

அன்புள்ள ஜெயரூபி,

கண்டியில் இருந்து ஒரு வரி எழுதிப் போட்டேன். அன்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. ஏன் என்று இன்று சொல்கிறேன்.

ஐந்து மணித்தியாலம் ஆப்பரேஷன். முடிந்து அடுத்த நாள், மனைவி மட்டும் உள்ளே வரலாம் என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்காக நான் பதினைந்து வருடம் காத்திருந்தேன் என்று உமக்குத் தெரியும், நீரே எழுதினீர். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கட்டிலடியில் நின்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார், வேறு யாரும் வந்திருக்கிறார்களா என்று. அவ்வளவுதான். பாவம், தொண்டையில் குழாய். நான் வெளியே வந்து சுவர்க் கரையில் இருந்து அழுதேன். ஆப்பரேஷன் சரிவரவில்லையோ என்று ஒரு நேர்ஸ் பிள்ளை ஓடிவந்து கேட்டது.

இப்போது நல்ல சுகம். புண் ஆறிவிட்டது. பற்றுச்சீட்டெல்லாம் ஒழுங்காகக் கொடுத்தேன், காப்புறுதிப் பங்கு வந்துவிட்டது. காலையில் அநுராதபுரச் சந்தி வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார். என்னோடு மரியாதையாகத்தான் இருக்கிறார். தண்ணீர் மோட்டர் திருத்தினார், கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டார். வாடகை வீட்டுக்கு வந்த நல்ல மனிதர் எப்படி இருப்பாரோ அப்படி இருக்கிறார். எனக்கு இது காணாது ஜெயரூபி. இதைவிட வெறும் வீடு நல்லது என்று இருக்கிறது.

ஆகவே நேற்று நான் சொல்லிவிட்டேன். "ஆப்பரேஷன் முடிஞ்சுது. நீங்கள் விரும்பின இடத்துக்குப் போங்கோ" என்று. காப்புறுதி என் பெயரில் ஓடிக்கொண்டே இருக்கும், அவருடைய பெயரை வெட்ட மாட்டேன். வருடக் கடைசியில் நிவேதிகா வந்து ஐயா இங்கேதானே என்று கேட்டால், ஓம் என்று சொல்வேன். பொய் எழுத மாட்டேன் என்று உமக்கு எழுதிய அதே ஆள்தான் எழுதுகிறேன். வாழ்நாளில் ஒரு பொய் சொன்னால் குடி முழுகிப் போகாது.

சனிக்கிழமை பஸ் ஏறுவார். நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையைச் சேட்டுப் பையில் போட்டு, விழாமல் பையின் வாயில் ஊசி குத்தி அனுப்புகிறேன்.

இனி என்னை மிஸி என்று எழுதாதே. நான் ஓய்வு பெற்றுப் பதினொரு வருடமாகிறது.

உன்,
யோகமலர்


சல்லி,
25.08.2025

அன்புள்ள யோகமலர் அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பியவர் சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தார். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்க முன்பே அவர் திரும்பி உங்களிடம் வந்திருப்பார். ஏன் வந்தேன் என்று அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வாசித்துவிட்டு நான் துள்ளினேன், பொய் சொல்லவில்லை. வீடு கூட்டினேன், அவருடைய தலையணையை வெயிலில் போட்டேன், சூடை மீன் கூட வாங்கிவந்தேன், இந்த ஒரு நாள் பொரித்துக் கொடுப்போம் என்று. பின்னேரம் மீன் வெட்டிக்கொண்டு இருக்கும்போதுதான் மற்ற யோசனை வந்தது. கத்தியை வைத்துவிட்டு இருந்துவிட்டேன்.

அக்கா, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. நிவேதிகா கேட்டவுடன் ஓம் என்று சொல்வீர்கள், சொல்லிவிட்டு ஒரு கிழமை நித்திரை கொள்ளமாட்டீர்கள், பிறகு நீங்களே போய் உண்மையைச் சொல்வீர்கள். எனக்கு உங்களை அவ்வளவு தெரிந்துவிட்டது. சொன்னால் அவருடைய பெயரை வெட்டுவார்கள். உங்கள் பென்சனுக்கும் ஏதாவது வரும். பைபாஸ் செய்த ஆளுக்கு ஆயுள் முழுக்கக் குளிசை, ஆயுள் முழுக்கக் கிளினிக். அடுத்த தரம் ஒன்று வந்தால் நான் யாருடைய வாசலில் போய் நிற்பது? வந்தாலும் வராவிட்டாலும், நீங்கள் பொய் சொல்லத் தொடங்கிவிட்டால் இந்த ஊரில் நான் யாருடைய சொல்லை நம்புவது?

அவர் வந்து படலையைத் திறந்து உள்ளே வந்தார். சேட்டுப் பையில் ஊசி குத்தியிருந்தது. நல்லாக மெலிந்திருக்கிறார், ஆனால் மூச்சு வாங்கவில்லை. படலையில் இருந்து வாசல் மட்டும் ஒரு இடத்திலும் நிற்காமல் நடந்து வந்தார், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் கேட்டது அந்த நடையைத்தான். அது கிடைத்துவிட்டது.

சாப்பாடு போட்டேன். சொதிதான். சாப்பிட்ட பிறகு சொன்னேன், "இஞ்ச இனி உங்களுக்கு இடமில்லை. அக்கா வீட்டுக்குப் போங்கோ" என்று. விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பையை எடுத்து வெளியே வைத்தேன். "நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டார். வாசற்படியில் கொஞ்ச நேரம் இருந்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். ஐந்து மணிப் பஸ்ஸில் போய்விட்டார்.

எனக்கு அவரில் அன்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் நினைக்க மாட்டீர்கள் என்று தெரியும், ஆனாலும் எங்கேயாவது ஓரிடத்தில் எழுதி இருக்கட்டும் என்று எழுதுகிறேன். உங்களுடைய படிவத்தில் நீங்கள் எழுதியது உண்மையாகவே இருக்கட்டும். அவர் உங்களுக்குப் பின்னால் பார்க்கிறார் என்றால், பார்க்கட்டும். கொஞ்ச நாளில் கழுத்து நோகும், நேரே பார்க்கத் தொடங்குவார்.

இதற்கு மறுமொழி எழுத வேண்டாம் அக்கா. அவர் என்ன சொன்னார், எப்படி இருக்கிறார் என்று ஒரு வரியும் வேண்டாம். எழுதினால் நான் பஸ் ஏறிவிடுவேன்.

ஜெயரூபி